லத்தீஃப் பாயின் ரேஸ் கார் சேஸிஸ்

எங்கள் வண்டி மதிப்பீட்டாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் புதிதாக உரிமம் வாங்கிய ஒருவர் என்னிடம் கேட்டார். "சார், இப்ப நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துப் போட்டா ஆப்பே மதிப்பு சொல்லிடுது. நீங்கள்லாம் எதுக்கு வண்டிக்கு அடியில போய்ப் படுத்தீங்க?" கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபோனில் பதில் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரியிலேயே கட்டைவிரல் வலித்தது. அதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, ஒரு ஒர்க்‌ஷாப்பில் சில வருடம் கிரீஸில் குளித்துவிட்டு, இந்தத் தொழிலுக்கு வந்தேன். விபத்தான வண்டியைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று இன்சூரன்ஸுக்கு எழுதித் தருவது, பழைய வண்டிக்கு என்ன பெறும் என்று வங்கிக்கு எழுதித் தருவது; சர்வேயர் என்பார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, அந்தப் பக்கம் பண்ருட்டி வரை, பஸ்ஸிலும் பிறகு பைக்கிலும் அலைந்தேன். இதில் யாரும் நம்மை வாழ்த்த மாட்டார்கள். குறைத்து எழுதினால் வண்டிக்காரன் திட்டுவான், கூட்டி எழுதினால் கம்பெனி கேள்வி கேட்கும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எனக்கு எதிரே உட்கார்ந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் லாரி முதலாளி.

எனக்கு வேலை பழக்கியவர் சடகோபன் சார். வெள்ளை முழுக்கைச் சட்டை போடுவார், கையை மடித்து விடவே மாட்டார். வண்டி கிடக்கும் இடத்துக்குப் போனதும் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, வேட்டி விளம்பரப் படத்தில் வருகிறவர் மாதிரி அலுங்காமல் அதில் மண்டியிடுவார். பார்ட்டி கொடுக்கும் காபி, சோடா எதையும் தொடமாட்டார், தண்ணீரைக்கூட வீட்டிலிருந்தே கொண்டு வருவார். வண்டிக்காரர் அழுதுகொண்டோ கத்திக்கொண்டோ ஆரம்பிப்பார். "செத்த இருங்க. மொதல்ல வண்டி சொல்லட்டும்" என்பார். சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதற்கே அவருக்கு நேரம் பிடிக்கும். ஒரு எழுத்து மங்கியிருந்தாலும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி எடுப்பார்.

நான் எழுதிக்கொடுக்கும் ரிப்போர்ட்டுகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பித் தருவார். "பாத்தியா?" அவ்வளவுதான். ‘ஓட்டுநர் வேகமாக வந்ததால்’ என்று எழுதியிருப்பேன், பக்கத்தில் "பாத்தியா?" ‘மழை பெய்ததால் வழுக்கி’, அதற்கும் "பாத்தியா?" நான் கண்ணால் பார்த்தது வேறு, எனக்குச் சொல்லப்பட்டது வேறு, நான் நினைப்பது வேறு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதுகிறவன் சர்வேயர் இல்லை, வக்கீல் என்பார். ஒருநாளும் அவர் என்னைப் பாராட்டியதில்லை. அவர் காலமானபோது எனக்கு வந்த அழுகையைப் பார்த்து என் மனைவியே ஆச்சரியப்பட்டாள்.

பண்ருட்டியில் பலாப்பழ லாரி ஒன்று கவிழ்ந்தது. சாலை முழுக்கப் பழம் உடைந்து, வாசனையில் தலை சுற்றியது. பிரேக் பைப் அறுந்துவிட்டது என்று ஓட்டுநர் சொன்னார். அறுந்த முனையை லென்ஸில் பார்த்தேன், ரம்பப் பல்லின் கோடுகளோடு பளபளவென்று இருந்தது. கவிழ்ந்த பிறகு ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். விரிசல் விட்டு நாளான இரும்பில் துரு ஏறியிருக்கும், புதிதாக உடைந்தது மினுக்கும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. அந்த லாரிக்குப் பணம் கிடைக்காமல் போனது. ஓட்டுநர் என்னைத் திட்டவில்லை, கும்பிட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்படியே வருடங்கள் போயின. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்ததுதான் சிதம்பரம் கேஸ். அதில் நான் பார்த்த ரேஸ் கார் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், இப்போது பெங்களூரில் பழைய கார்கள் சேர்க்கும் ஒரு பணக்காரர் வீட்டில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிற்கிறது என்று கேள்வி. எவ்வளவுக்குப் போனது என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது அது இல்லை.

துபாயிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். "சார், எங்க வாப்பா அந்தக் காலத்துல ஒரு ரேஸ் கார் செஞ்சாரு. ஒருத்தர் மட்டும் ஒக்கார்ற கார். அதோட சேஸிஸ் வீட்டுக்குப் பின்னால கெடக்கு. பெங்களூர் பார்ட்டி வாங்கிக்கிறேங்குறாரு. ஆனா அது எங்க ஓடுச்சு, எங்க ஒடஞ்சுச்சு, யாரு வெல்டிங் பத்த வெச்சதுன்னு லைசென்ஸ் உள்ள ஆளு எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா இரும்பு வெலதானாம்." நான் ரேஸ் காருக்கு மதிப்புப் போட்டதே கிடையாது. முட்டிவலி வேறு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "வாப்பாவே உங்களத்தான் கூப்பிடச் சொன்னாரு சார்" என்றார். போனேன்.

லத்தீஃப் பாய் சிதம்பரத்தில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தவர், அங்கே விபத்து வண்டி பார்க்கப் போனதில் பழக்கம். அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி, விரல்களெல்லாம் பழைய தீக்காயத் தழும்பு. வீட்டின் பின்பக்கத்தில், சமையலறையை ஒட்டி, தகரம் வேய்ந்த கொட்டகை. அதன் பூட்டைத் திறக்கவே எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே தார்ப்பாயில் கயிறு சுற்றிக் கட்டிய ஒரு மூட்டை. கட்டில் நீளம் இருக்கும். கயிற்றின் முடிச்சு இறுகி, தூசி படிந்து, தார்ப்பாயோடு ஒட்டிப்போயிருந்தது.

கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெல கெடக்கட்டும் சார். அது என் மவனுக்கும் அந்த பெங்களூர்காரருக்கும். எனக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லணும். ஒடஞ்ச எடம் நான் பத்த வெச்ச எடமா, இல்லையா?"

பிறகு அவரே சொன்னார். கரும்பு ஆலையில் கழித்துப்போட்ட பாய்லர் குழாய்களை வாங்கி, வளைத்து, அந்தச் சட்டத்தை அவர் ஒருவராகவே கட்டினார். எஞ்சின் பழைய காருடையது, ஸ்டியரிங் ஜீப்புடையது. சென்னைக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் அப்போது ரேஸ் நடக்கும். கொஞ்ச தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்க்கும் ஸ்பிரின்ட் பந்தயமும் உண்டு. ஓட்டுவதற்கு அவர் மனைவியின் தம்பி யூசுப். இருபது வயதுப் பையன், காற்றுக்கு முன்னால் ஓடுகிறவன். காரை லாரியில் ஏற்றிக்கொண்டு யூசுப் போனான். பாயும் கூடப் போயிருக்க வேண்டும். அன்று காலையில் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. துபாயில் இருக்கும் மகன் பிறந்த வீட்டுக்கு, மறுநாள் யூசுப்பின் உடல் மையத்தாக வந்து சேர்ந்தது.

"பின்னால பத்த வெச்ச எடத்துல விட்டுடுச்சுன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. பத்த வெச்சது நான்தானே சார். வேற யாரு? ஒரு வாரம் கழிச்சு வண்டியக் கொண்டாந்து எறக்குனாங்க. தார்ப்பாய்ல சுத்தி இருந்துச்சு. அப்படியே உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

"நீங்களே பாத்திருக்கலாமே பாய்? உங்களுக்குத் தெரியாததா?"

"பாத்தா எனக்கு நானே பொய் சொல்லிக்குவேன் சார். இல்லன்னா தூக்குல தொங்கியிருப்பேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என் சம்சாரம் மைமூன் ஒருநாளும் என்கிட்ட அதப் பத்திக் கேட்டதில்ல. தம்பின்னா உசுரு அவளுக்கு. ஒரு தடவ, ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டிருந்தாகூட நான் ஒடஞ்சு அழுதுருப்பேன். கேக்கவே இல்ல. சோறு போடுறா, துணி எடுத்து வெக்கிறா, காய்ச்சல்னா கஞ்சி வெக்கிறா. கேக்க மாட்டேங்குறா."

இத்தனை வருடத் தொழிலில் எனக்கு எத்தனையோ பேர் கதை சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் பொய். இது பொய்யில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதனாலேயே அவரை வெளியே போய் உட்காரச் சொன்னேன். பட்டறைக்காரர் இல்லையா, புரிந்துகொண்டு போய், சமையலறைச் சன்னலுக்குக் கீழே கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை விலக்கினேன். பச்சைப் பெயின்ட் அடித்த குழாய்ச் சட்டம். ரேஸ் காருக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, பென்சிலால் தேய்த்து எடுக்க நம்பரும் கிடையாது. வீட்டிலிருந்த ஒரே ஒரு ஃபோட்டோவில் யூசுப் அந்தக் காரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அதிலிருந்த குறுக்குக் குழாய்களையும் சீட்டுக்குப் பின்னாலிருந்த வளைவையும் இதோடு ஒப்பிட்டேன். அதே வண்டிதான். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் நேராக இருந்தது, பின்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைத் தாங்கும் கீழ்க் குழாய், இடது பக்கம், இரண்டாகப் பிரிந்திருந்தது.

அதற்கு அடியில் போய்ப் படுத்தேன். முட்டி கத்தியது.

இங்கே துருவை நம்ப முடியாது. வருடக்கணக்காகக் கிடந்ததில் முன்னால் விட்ட விரிசலிலும் பின்னால் உடைந்ததிலும் ஒரே துரு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால், தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். லத்தீஃப் பாய் அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் கேஸ் வெல்டிங், பித்தளைக் கம்பியை உருக்கிக் குழாய்களைச் சேர்ப்பது. சட்டம் முழுக்க ஒவ்வொரு மூட்டிலும் அந்தப் பித்தளை, மீன் செதில் மாதிரி ஒரே சீராக ஓடியிருந்தது. உடைந்த இடத்துக்குப் பக்கத்து மூட்டிலும் அப்படியே இருந்தது, இன்னும் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பித்தளை மேல் ஏறி, பக்கத்துக் குழாயையும் சேர்த்து, வேறு ஒன்று கட்டிகட்டியாக அப்பிக்கிடந்தது. அது கரன்ட் வெல்டிங். அதன் அடியில் குழாய் நசுங்கியிருந்தது.

எழுந்து உட்கார்ந்து, "பாய், அப்ப உங்க பட்டறையில கரன்ட் வெல்டிங் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"கெடையாது சார். அது வாங்குனது ரொம்பப் பின்னால. பித்தள மேல கரன்ட் வெல்டிங்கு புடிக்காது. புடிச்ச மாதிரி இருக்கும், குலுங்குனா விட்டுடும். எதுக்குக் கேக்குறீங்க?"

மறுபடி படுத்தேன். விபத்துக்குப் பிறகு யாராவது ஒட்டப் பார்த்திருக்கலாம் அல்லவா? அதைத் தீர்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது. அந்தக் கட்டிகளின் மேலும் பச்சைப் பெயின்ட் இருந்தது. பிளவு பெயின்டையும் கட்டியையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஆக, முதலில் குழாயில் விரிசல், பிறகு கரன்ட் வெல்டிங், அதை மறைத்துப் பெயின்ட், அதற்குப் பிறகுதான் உடைப்பு. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அந்த இடத்துப் பச்சை மற்றப் பச்சை இல்லை. ஒரு சாயல் மஞ்சள் கூடியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்.

சாக்பீஸால் வட்டம் போட்டேன். வெளியே வந்து பாய்க்கு எதிரே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன்.

"உங்க பித்தள விட்டுக்குடுக்கல பாய். குழாய்தான் முன்னாடியே அடிபட்டு விரிசல் விட்டிருக்கு. அத வேற யாரோ கரன்ட் வெல்டிங் போட்டு, பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. லாரியில ஏத்துறதுக்கு முன்னாடியோ, ரேஸ் நடக்குற எடத்துலயோ. விட்டது அதுதான்."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் டயர் வாங்க மெட்ராஸ் போயிருந்தேன்" என்றார் மெதுவாக. "ரெண்டு நாள். திரும்பி வந்தப்ப யூசுப் என் மொகத்தப் பாத்தே பேசல. கல்யாணப் பேச்சு எடுத்ததுல வெக்கப்படுறான்னு நெனச்சேன். வண்டிய எடுத்து ஓட்டியிருக்கான். எங்கயோ மதகுல வுட்டிருக்கான். என்கிட்ட சொன்னா நான் ரேஸுக்கு அனுப்ப மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்."

தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "சார், இத எழுதாதீங்க."

"பாய், இத எழுதலன்னா வண்டிக்கு மதிப்பே இல்ல. உங்க மேல தப்பு இல்லன்னும் இதுதான் சொல்லுது."

"வண்டி இரும்பு வெலைக்குப் போவட்டும். மைமூன் காதுக்கு இது வரக்கூடாது. தம்பி தன்னாலயே போனான்னு இந்த வயசுல அவ கேக்கணுமா? என் கையாலன்னே இருந்துட்டுப் போவட்டும். அதுக்கு நான் பழகிட்டேன்."

கண்ணால் பார்த்ததை எழுதாமல் விட்டு எனக்குப் பழக்கம் இல்லை. அந்த மனிதர் கேட்பதை மறுக்கவும் மனசு இடம் கொடுக்கவில்லை. அவர் எதற்காக என்னை வரவழைத்தாரோ அதற்கான பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு, வாங்கிய கையோடு புதைக்கச் சொல்கிறார். பேசாமல் இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

அப்போது தலைக்கு மேலே, சன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பாயின் மனைவி வெளி ஆண்களுக்கு முன்னால் வந்து பேசுகிறவர் இல்லை. வந்ததிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அனுப்பிய டீதான்.

"எழுதச் சொல்லுங்க."

பாய் சட்டென்று எழுந்தார். "மைமூன், நீ உள்ள போ."

"உள்ளதான் இருக்கேன். சார், பச்சை வேற மாதிரி இருக்குன்னு கண்டீங்களா?"

நான் பாயிடம் பெயின்டின் சாயலைப் பற்றிச் சொல்லவே இல்லை. "ஆமாம்மா" என்றேன்.

"அது நான் கலந்தது. இவுரு பெயின்ட உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாரு. சன்னலுக்கு அடிச்ச நீலம் கொஞ்சம் இருந்துச்சு, மஞ்சள் கொஞ்சம் இருந்துச்சு. வயித்தத் தூக்கிக்கிட்டு ஒக்காந்து நான்தான் கலந்து குடுத்தேன். ‘லாத்தா, மச்சான்கிட்ட சொல்லிடாதே, சொன்னா ஓட்ட வுடமாட்டாரு’ன்னு தம்பி கெஞ்சுனான். நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பான்."

பாய் சன்னலைப் பார்த்தபடியே நின்றார். உள்ளே இருட்டாக இருந்ததால் அந்த அம்மாவின் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ஏன் இத்தன வருஷமா நீ என்கிட்ட சொல்லல?" என்றார் பாய்.

"என்னத்தச் சொல்றது? வண்டி வந்து எறங்குன அன்னிக்கே நீங்க தார்ப்பாய அவுத்துப் பாத்திருப்பீங்க. கண்ண மூடிக்கிட்டே வெல்டிங்கு பாக்குற ஆளு, அந்தப் பச்சை யாரு கலந்ததுன்னு தெரியாமயா போவும்? தெரிஞ்சும் இந்த மனுஷன் நம்மள ஒரு வார்த்த கேக்கலியே, இப்படியும் ஒருத்தர் மன்னிப்பாரான்னு நெனச்சு நெனச்சுத்தான் உங்ககூட காலத்த ஓட்டுனேன்."

பாய் சன்னலுக்குக் கிட்டே போனார். அந்தத் தழும்பு விழுந்த கையை உயர்த்தி, கம்பியில் இருந்த விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் அவுக்கவே இல்ல, மைமூன்."